வல்லூறு பழக்கிய கைகள்

கிளேபாங் கடற்கரையில் மாலை வேளையில் நிற்போர், செம்பருந்து ஒன்று நீர்மட்டம்வரை தாழ்ந்து வந்து இரையைக் கவ்விக்கொண்டு மேலெழுவதைக் காணலாம். அப்பறவைக்கு எசமானர் எவருமில்லை. ஆயினும், அதனைப் போன்ற ஊனுண்ணிப் பறவைகளைக் கையில் இருத்தி, வானில் ஏவி, மீண்டும் தம்மிடமே திரும்பிவரச் செய்த மனிதர்கள் பல நூற்றாண்டுகள் வாழ்ந்திருக்கின்றனர். அவர்தம் தொழில் தோன்றி மறைந்த வரலாறு, தோட்டப்புறத்திலிருந்து வந்த நமக்கும் ஒரு பாடத்தைக் கூறுகின்றது.

பருந்து, வல்லூறு, வைரி, இராசாளி, எழால் எனத் தமிழில் இப்பறவைகளுக்குப் பெயர்கள் பல. பருந்துக்கு அஞ்சி வந்த புறாவைக் காக்கத் தன் தசையை அரிந்து கொடுத்த சிபியின் கதையைச் சோழர் தம் குலப்பெருமையாகவே கொண்டனர். ஆனால், இத்தகைய பறவைகளைப் பழக்கி வேட்டையாடும் முறையை விரித்துரைக்கும் பழைய நூல்களை வடமொழியில் காண்கிறோம். மேலைச் சாளுக்கிய மன்னன் மூன்றாம் சோமேசுவரன் 1130ஆம் ஆண்டையொட்டி இயற்றிய மானசோல்லாசம், அரசர்க்குரிய பொழுதுபோக்குகளுள் ஒன்றாக இதனை வைத்துப் பேசுகின்றது. பதினாறாம் நூற்றாண்டில் குமாவுன் நாட்டு மன்னன் உருத்திரதேவன் இதற்கெனவே சியைனிக சாத்திரம் என்னும் தனிநூல் செய்தான். வேட்டை குற்றமா அன்றா என்னும் வினாவில் தொடங்கி, பறவைகளின் வகை, பழக்கும் முறை, உணவு, மருத்துவம் ஆகியவற்றை அந்நூல் கூறுகின்றது. ஹரப்பிரசாத் சாஸ்திரி 1910இல் அதனை ஆங்கில மொழிபெயர்ப்புடன் கல்கத்தாவில் பதிப்பித்தார்.

இத்தொழிலின் இயல்பு என்ன? காட்டில் பிடித்த பறவை மனிதரைக் கண்டு அஞ்சும். எனவே, முதலில் அதன் கண்களை மறைத்தனர். பழங்காலத்தில் இமைகளை நூலால் தைத்துவைத்த கொடுமையும் உண்டு. தோலால் ஆன தலைமூடியை அணிவிப்பது மற்றொரு முறை. காலில் தோல்வாரும் சிறுமணியும் கட்டினர். இரவும் பகலும் கையில் சுமந்து, மனிதக் குரலுக்கும் கூட்டத்தின் ஓசைக்கும் பழக்கினர். பின்னர் ஊன்துண்டைக் காட்டி அழைத்து, நாள்தோறும் தொலைவைக் கூட்டினர். உணவு மிகுந்தால் பறவை திரும்பாது. குறைந்தால் வலிமை இழக்கும். நாயையும் குதிரையையும் அதட்டிப் பணியவைக்கலாம். வல்லூற்றை அடித்துப் பழக்க இயலாது. வானில் ஏவப்பட்ட ஒவ்வொரு முறையும் அது விடுதலை பெற்ற பறவையே. அது திரும்பி வருவது பழக்கியவனின் பொறுமைக்குக் கிடைத்த பரிசு என்பதில் ஐயமில்லை.

அத்தகைய பொறுமைக்கு உரியவர் யாவர்? நூல் செய்தோர் மன்னர். தொழில் செய்தோரோ வேறு. அக்பரின் ஆட்சிமுறையைக் கூறும் அயினி அக்பரி, வேட்டைப் பறவைகளின் விலையையும் உணவளவையும், அவற்றைப் பேணிய ஊழியரின் ஊதியத்தையும் குறிக்கின்றது. பறவையைக் கையில் ஏந்திய மன்னர் ஓவியங்களில் நிலைத்துவிட்டனர். உறக்கம் துறந்து அதனைப் பழக்கியவர்களுள் பெரும்பாலோர் பெயரும் அறியப்படாமல் மறைந்தனர்.

துப்பாக்கி பரவியபோது இத்தொழில் தளர்ந்தது. இந்தியா விடுதலை பெற்றபின் சுதேச அரசுகள் மறைய, அதனைத் தாங்கிய அரண்மனைகளின் ஆதரவும் மறைந்தது. கத்தியவாரில் பவநகர் அரச குடும்பத்தைச் சேர்ந்த தர்மகுமார்சிங்ஜி போன்ற சிலரே பிற்காலத்திலும் இக்கலையைப் பயின்றனர். 1972இல் இந்தியாவில் இயற்றப்பட்ட வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் பழைய வேட்டைக்கு முற்றுப்புள்ளி வைத்தது. பறவையினம் காக்கப்பட வேண்டியதே. அச்சட்டத்தை நாம் குறைகூற இடமில்லை.

எனினும், கைத்திறன் முழுவதும் வீணாகவில்லை. பீகாரில் மீர்ஷிகார் எனப்படுவோர் வழிவழியாகப் பறவை பிடிப்பவர்கள். பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழகம், பறவைகளுக்கு வளையமிட்டு அவற்றின் வலசையை ஆராய முற்பட்டபோது, பறவைக்குத் தீங்கு நேராமல் அதனைப் பிடிக்க இவர்களின் அறிவே துணைசெய்தது. தமிழகத்தின் கோடிக்கரையிலும் அப்பணி நடைபெற்றது. நம் முன்னோர் பலர் கப்பலேறிய நாகப்பட்டினத்திற்குத் தெற்கே உள்ள கடற்கரை அது. கொல்லும் வேட்டைக்குத் துணைநின்ற திறமை, உயிரைக் காக்கும் ஆய்வுக்குப் பயன்பட்டமை எண்ணி மகிழ்வதற்குரியது.

2010இல் யுனெஸ்கோ நிறுவனம் வல்லூறு பழக்கும் கலையை மனிதகுலத்தின் பண்பாட்டு மரபுகளுள் ஒன்றாக ஏற்றுக்கொண்டது. அதனைத் தம் மரபெனக் காட்டிய நாடுகள் 2021இல் 24 ஆயின. பாகிஸ்தான் அவற்றுள் ஒன்று. இரு பெரும் நூல்களைத் தந்த இந்தியா அவ்வரிசையில் இல்லை. நூல் ஏட்டில் நிலைத்திருந்தும், ஒரு கையிலிருந்து மறு கைக்குச் செல்ல வேண்டிய பயிற்சி அறுந்துபோயின் மரபு தளர்ந்துவிடும் என்பதை இதனால் உணர்கிறோம்.

இவ்வுண்மையை நாம் நம் மண்ணிலேயே பொருத்திப் பார்த்தல் வேண்டும். மலாயாவில் வணிக நோக்குடன் இரப்பர் முதன்முதலாக நடப்பட்டது மலாக்காவின் புக்கிட் லிந்தாங்கில், ஆண்டு 1896, நட்டவர் டான் சாய் யான். அவர் பெயரை வரலாறு அறியும். ஆனால், விடியுமுன் பெரட்டுக்கு நின்று, மரத்தின் உயிர்ப்படலம் காயப்படாமல் பட்டையை மட்டும் மெல்லியதாகச் சீவி, மங்கில் பால் வடியச் செய்த நம் பாட்டன் பாட்டியரின் கைத்திறனை எந்நூல் கூறும்? பால்மரங்கள் நின்ற இடங்கள் பலவற்றில் செம்பனை வந்துவிட்டது. பெரட்டு, மங்கு, ஒட்டுப்பால் என்னும் சொற்களின் பொருளறியாத மாணவர்கள் இன்று நம் வகுப்பறைகளில் உள்ளனர்.

மலாக்கா மாநிலத்திற்கு உரியதாகிய தஞ்சோங் துவான் முனையில், ஆண்டுதோறும் மார்ச் மாதத்தையொட்டித் தேன்பருந்துகள் சுமாத்திராவிலிருந்து நீரிணையைக் கடந்து வந்து சேர்கின்றன. கடல்மேல் அவற்றைத் தூக்கிவிடும் வெப்பக்காற்று இல்லாமையால் களைத்து, தாழப் பறந்து கரையை அடைகின்றன. நிலத்தின் வெப்பக்காற்றைப் பற்றி மீண்டும் உயர்ந்து வடக்கே செல்கின்றன. ஆசிரியப் பெருமக்கள் மாணவரை அங்கு அழைத்துச் சென்று அக்காட்சியைக் காட்டலாம். திரும்பி வந்ததும், வீட்டிலுள்ள முதியவரிடம் அவர் செய்த தொழிலைக் கேட்டு, கத்தி பிடித்த விதம் முதலாக அவர் கூறும் சொற்களிலேயே எழுதிவரப் பணிக்கலாம். வல்லூறு பழக்கிய கைகளை எழுத ஒருவர் தேவைப்பட்டார். பால்வெட்டிய கைகளை எழுத நாம் இருக்கிறோம்.