வன்னியும் மலேரியா மருந்தும்

வன்னி நாட்டிற் குளங்கள் பல உண்டு; வயலாக்கத்தக்க நிலமும் உண்டு. ஆயினும், அங்குக் குடியேற மக்கள் நெடுங்காலம் அஞ்சினர். காட்டு விலங்கினும் அவர்களை அச்சுறுத்தியது மலேரியாக் காய்ச்சலாகும். 1934-35 இல் அந்நோய் இலங்கையில் ஏறத்தாழ 80,000 உயிர்களைக் கொண்டது. அவ்வழிவு பெரிதும் தென்மேற்குப் பகுதியை அடுத்தே நிகழ்ந்தது. வன்னியிலோ மலேரியா வந்துபோகும் கொள்ளைநோயன்று. ஆண்டுதோறும் மக்களோடு உடனுறைந்த நோய்.

அந்நாளில் அதற்கு மருந்தாயிருந்தது கொயினா. சிங்கோனா மரப்பட்டையிலிருந்து அதனை 1820 இல் பிரெஞ்சு அறிஞர் இருவர், பெல்லெற்றியரும் கவெந்துவும், பிரித்தெடுத்தனர். 1934 இல் செர்மனியில் அன்டர்சாக் குளோரோகுயினை ஆய்வுகூடத்திலேயே ஆக்கினார்.

இம்மருந்து கிருமியை எவ்வாறு கொல்கிறது? மலேரியாக் கிருமி செங்குருதிக் கலத்துட் புகுந்து ஈமோகுளோபினை உண்கிறது. அவ்வுணவில் எஞ்சும், இரும்பைக் கொண்ட ஈம் என்னும் பொருள் கிருமிக்கே நஞ்சாகும். ஆதலால் கிருமி அதனைத் தீங்கற்ற பளிங்காக்கி ஒதுக்கிவிடும். குளோரோகுயின் அப்பளிங்காக்கத்தைத் தடுத்துவிட, கிருமி தான் உண்ட உணவின் நஞ்சாலேயே மடிகிறது. உயிரின் தொழிலைச் சேதனச் சேர்வைகளின் அமைப்புக்கொண்டு இவ்வாறு விளக்குவதே உயிர்ச்சேதன இரசாயனம்.

1946 முதல் வீடுகளில் டி.டி.ரீ. தெளிக்கப்பட்டது. நோய் தணியவே, குளங்களின் கீழ்க் குடியேற்றங்கள் பெருகின. 1963 இல் நாடு முழுவதிலும் 17 பேருக்கே நோய் கண்டது. வென்றுவிட்டோமென்று காவல் தளர்ந்தது. 1967 இல் தொடங்கிய பெருநோயில் ஐந்து இலட்சத்துக்கு மேற்பட்டோர் வீழ்ந்தனர். நுளம்பு டி.டி.ரீ.யைத் தாங்கும் வலிமை பெற்றது. 1984 இல் குளோரோகுயினைத் தாங்கும் கிருமியும் இலங்கையிற் காணப்பட்டது. சீன அறிஞர் தூ யூயூ 1972 இல் ஒரு மூலிகையினின்று கண்டெடுத்த ஆட்டெமிசினின் பின்னர் உலகெங்கும் கைகொடுத்தது. அதற்காக அவர் 2015 இல் நோபல் பரிசு பெற்றார்.

போர் வன்னியை வருத்திய காலத்திலும் மலேரியாத் தடுப்பு ஊழியர் தம் பணியை விட்டிலர். 2016 செப்டெம்பரில் உலக சுகாதார நிறுவனம் இலங்கையை மலேரியா அற்ற நாடென அறிவித்தது.

எனினும், நேயர்களே, நுளம்பு அழிந்துவிடவில்லை. நீர் வற்றிவரும் ஆற்றுப்படுகைக் குட்டைகளில் அது இன்றும் பெருகுகின்றது. பிறநாடு சென்று மீள்பவரின் குருதியிற் கிருமியும் உடன்வரலாம். அத்தகையோர் காய்ச்சலுற்றால், தாம் சென்றுவந்த நாட்டை மருத்துவரிடம் மறவாது கூறுதல் வேண்டும். மருந்தைக் கண்டவர் அறிஞர். அதன் பயனைக் காப்பவர் நாமே. 1963 இற்குப் பின் நாம் மறந்த பாடம் அதுவன்றோ?