நிருபர் இல்லாத போர் எல்லை

போர் நடக்கும் எல்லைப் பகுதியில் பத்திரிகைச் செய்தி எப்படிக் குறைந்து போகிறது? இலங்கையின் வடக்குப் பகுதியே இதற்கு உதாரணம்.

1981 ஜூன் 1ல் யாழ்ப்பாணத்தில் 'ஈழநாடு' நாளிதழ் அலுவலகம் எரிக்கப்பட்டது. 2000 அக்டோபரில் பி.பி.சி. தமிழோசை நிருபர் மயில்வாகனம் நிமலராஜன் தன் வீட்டிலேயே கொல்லப்பட்டார். 2006 மே 2ல் 'உதயன்' அலுவலகத்தில் ஊழியர்கள் இருவர் சுட்டுக் கொல்லப்பட்டனர்.

யாழ்ப்பாணத்துக்குத் தெற்கே வன்னியில் நிலைமை இன்னும் மோசம். 2002 போர்நிறுத்தத்தில் திறந்த ஏ9 சாலை 2006 ஆகஸ்டில் மூடப்பட்டது. வெளி நிருபர்கள் போக முடியவில்லை. 2008 செப்டம்பரில் ஐ.நா. ஊழியர்களும் வெளியேறினர். அதன்பின் அரசும் புலிகளும் சொன்னதுதான் செய்தி.

2009 மே மாதம் போர் முடிந்தது. கடைசி மாதங்களில் 40,000 பொதுமக்கள் வரை இறந்திருக்கலாம் என்று ஐ.நா. நிபுணர் குழு 2011ல் சொன்னது. இலங்கை அரசு அதை ஏற்கவில்லை. நிருபர்கள் அங்கே இருந்திருந்தால் இறந்தவர்களின் பெயர்களாவது அன்றே பதிவாகியிருக்கும்.