இலக்குத் தவறிய குண்டுகள்

காஞ்சி மாநகரை அடுத்த ஓரிக்கையில், நம் இளமைக் காலத்தில் வாழ்ந்த முதியவர்கள் 1942ஆம் ஆண்டை எண்ணால் குறிப்பதில்லை. "பட்டணம் காலியான வருஷம்" என்றே சொல்வார்கள். அவ்வாண்டு ஏப்ரலில், ஜப்பானியக் கப்பற்படை சென்னையை நோக்கி வருகிறதென்ற செய்தி பரவியது. அரசு அலுவலகங்கள் உள்நாட்டு ஊர்களுக்குப் பெயர்ந்தன. மக்கள் கையில் அகப்பட்டதை எடுத்துக்கொண்டு நகரை விட்டு வெளியேறினர். அந்த அச்சத்தை நாம் கேட்டறிந்திருக்கிறோம். அந்தப் படையை எதிர்த்துப் பறந்து, கடலிலே மறைந்தவர்களைப் பற்றி நாம் கேட்டதேயில்லை.

அட்மிரல் நகுமோவின் தலைமையில் ஐந்து விமானந்தாங்கிக் கப்பல்கள் இந்துமாக் கடலுள் புகுந்திருந்தன. ஏப்ரல் 5ஆம் நாள் கொழும்பு தாக்கப்பட்டது. மறுநாள் விசாகப்பட்டினத்திலும் காக்கிநாடாவிலும் குண்டுகள் விழுந்தன. 9ஆம் நாள் திருகோணமலை தாக்குண்டது. விமானப் பாதுகாப்பின்றிச் சென்ற 'ஹெர்மீஸ்' என்னும் பிரிட்டிஷ் விமானந்தாங்கிக் கப்பல் அன்றே மட்டக்களப்புக்கு அப்பால் மூழ்கியது. அதிலிருந்த 307 பேர் மாண்டனர்.

அதே நாட்காலையில், கொழும்பின் குதிரைப் பந்தயத் திடலிலிருந்து 11 'பிளென்ஹீம்' குண்டுவீச்சு விமானங்கள் கிளம்பின. பந்தயத் திடலே அப்போது விமானத் தளமாக மாற்றப்பட்டிருந்தது. அவை, எகிப்தின் பாலைவனப் போர்முனையைக் கண்டு, சில வாரங்களுக்கு முன்னரே இலங்கைக்கு வந்து சேர்ந்த 11ஆம் படைப்பிரிவைச் சேர்ந்தவை. இரட்டை எஞ்சின் கொண்ட அவ்விமானம் ஒவ்வொன்றிலும் மூவர் இருப்பர். இரண்டு விமானங்கள் வழியிலேயே திரும்பிவிட்டன. எஞ்சிய ஒன்பதும், துணைக்கு ஒரு போர் விமானமும் இன்றி, எதிரிப் படையின் தலைக்குமேல் சென்று நின்றன.

ஜப்பானியக் கப்பல்களில் ராடார் இல்லை. வானத்தில் வந்தவர்களைப் பற்றிய எச்சரிக்கை படையினருக்கு உரிய நேரத்தில் எட்டவில்லை. ஏறத்தாழ 11,000 அடி உயரத்திலிருந்து வீசப்பட்ட குண்டுகள், தலைமைக் கப்பலான 'அக்காகி'யின் அருகே கடல் நீரைக் கிளப்பிய பின்னரே அவர்கள் விழித்தார்கள். ஆனால் ஒரு குண்டும் இலக்கைத் தொடவில்லை. 'ஜீரோ' போர் விமானங்கள் பாய்ந்து நான்கு பிளென்ஹீம்களை வீழ்த்தின. 'ஹெர்மீஸை' மூழ்கடித்துத் திரும்பிக்கொண்டிருந்த ஜப்பானிய விமானங்கள் வழியில் ஐந்தாவதையும் வீழ்த்தின. நான்கே கரை சேர்ந்தன.

குண்டு தவறியது, ஆட்களும் போயினர். எனவே இது வீண் முயற்சி என்று கூறிவிடலாமா? இப்னு கல்தூன் தம் வரலாற்று நூலுக்கு 'கிதாபுல் இபர்' என்று பெயரிட்டார். 'இபர்' என்பது படிப்பினைகள். கடந்து செல்லுதல் என்னும் பொருளுடைய வேரிலிருந்து பிறந்த சொல். நிகழ்ச்சியைக் கடந்து அதன் உட்பொருளுக்குச் செல்பவனுக்கே வரலாறு பயன் தரும். வலிமை மிக்க அப்படை, தன் தலைக்குமேல் வரும் ஆபத்தைக் காண இயலாதது என்பதை அன்று அந்தச் சிலர் வெளிப்படுத்திவிட்டனர். வென்றவர்கள் அதனைப் பாடமாகக் கொள்ளவில்லை. எட்டு வாரங்கள் கழிந்து, ஜூன் 4ஆம் நாள், மிட்வே தீவருகே அதே நகுமோவின் படைமீது குண்டுவீச்சு விமானங்கள் மேலிருந்து பாய்ந்தன. 'அக்காகி' உள்ளிட்ட நான்கு விமானந்தாங்கிக் கப்பல்கள் அழிந்தன.

"அது வெள்ளைக்காரன் சண்டை, நமக்கென்ன?" என்று கேட்பவர் உண்டு. அக்கேள்வியில் நியாயமும் உண்டு. அவர்கள் பறந்தது நம்மை அடிமைப்படுத்திய பேரரசின் கொடியின்கீழ். அவ்வாண்டு ஆகஸ்டிலேயே 'வெள்ளையனே வெளியேறு' என்று நாடு முழங்கியது. அவர்களது குண்டுகளால்தான் ஜப்பானியர் திரும்பினர் என்று நாம் கூறவும் இல்லை. ஆயினும் பேரரசை மறுப்பது வேறு. இறந்த மனிதனை மறப்பது வேறு. நம் முன்னோர் அஞ்சி ஓடிய அதே நாட்களில், அந்த அச்சத்தின் திசை நோக்கியே சிலர் பறந்தார்கள்.

நிலத்தில் மாண்டவனுக்கு மண்ணறை உண்டு. உறவினர் வந்து நிற்க ஓரிடம் உண்டு. கடலில் வீழ்ந்தவனுக்கு அதுவும் இல்லை. இப்பகுதியில் கல்லறையின்றி மறைந்த விமானப் படையினரின் பெயர்கள், சிங்கப்பூரின் கிராஞ்சியிலுள்ள நினைவுச் சுவரில், இருபத்து நாலாயிரத்துக்கும் மேற்பட்ட பெயர்களுடன் பொறிக்கப்பட்டிருக்கின்றன. பட்டணம் காலியான வருஷத்தைப் பிள்ளைகளுக்குச் சொல்லும்போது, கடலிலிருந்து திரும்பாத அந்த ஐந்து விமானங்களின் கதையையும் சேர்த்துச் சொல்லுவோம்.