மகமையில் எழுந்த ஊர்

அருப்புக்கோட்டையின் பழைய கடைத்தெருவைப் புதுப்பிக்கப் பணம் எங்கே என்று கேட்பவர்கள், அந்த ஊர் எழுந்த விதத்தைப் பார்க்க வேண்டும். 19-ஆம் நூற்றாண்டில், வானம் பார்த்த இந்தக் கரிசல் பூமியில் நாடார் வணிகர்கள் பேட்டை கட்டினார்கள்: சுற்றுச்சுவர், கிணறு, வண்டி மாடுகளும் சரக்கும் இரவில் பத்திரமாகத் தங்க இடம். செலவுக்கு, மூட்டைக்கு இவ்வளவு என்று வியாபாரத்திலிருந்தே எடுத்த மகமை. அதே பணம் பின்னாளில் பள்ளிக்கூடமானது. விருதுநகரில் 1889-இல் தொடங்கிய க்ஷத்திரிய வித்தியாசாலை அப்படி வந்ததுதான்.

மகமை ஒரு சாதியின் நிதி என்ற மறுப்பு நியாயமானது. கட்டுப்படாதவரை ஒதுக்கிவைக்கும் சாதிச் சங்கமான உறவின்முறையின் அதிகாரமே வசூலுக்குப் பின்பலம். அந்த அதிகாரம் திரும்பவே கூடாது. ஆனால் வெளிப் பணத்தை நம்பியும் இருக்க முடியாது: பாரம்பரிய நகரங்களுக்கான மத்திய அரசின் ஹிருதய் திட்டம் 2015-இல் எடுத்துக்கொண்ட 12 நகரங்களில், தமிழ்நாட்டில் காஞ்சிபுரமும் வேளாங்கண்ணியும் மட்டுமே. அருப்புக்கோட்டை, திருச்சுழி போன்ற ஊர்களுக்கு உள்ளூர் வருவாயே வழி. கடைவீதி சம்பாதிப்பதில் ஒரு பங்கை எல்லாரிடமும் சமமாக வாங்கி, வரவு செலவைத் தெருமுனைப் பலகையில் எழுதிவைத்து, உள்ளாட்சி நிர்வாகமே இதை நடத்தலாம்.