ஆஸ்மோகாம்: செல்பேசி வலையமைப்பின் மூலநிரல் பொதுவுக்கு வந்த வரலாறு

ஜிஎஸ்எம் வணிக வலையமைப்பின் முதல் அழைப்பு 1991 ஜூலை 1 அன்று பின்லாந்தில் நிகழ்ந்தது. அந்தத் தொழில்நுட்பத்தின் விதிமுறைகள் பெரும்பாலும் இரகசியமாக இருந்ததில்லை. ஐரோப்பியத் தொலைத்தொடர்பு தர நிறுவனம் அவற்றை ஆயிரக்கணக்கான பக்கங்களில் வெளியிட்டிருக்கிறது. எவரும் இறக்கிப் படிக்கலாம். விதிமுறைகளை இயக்கும் மென்பொருளோ சில கருவி உற்பத்தியாளர்களின் கைக்குள்ளேயே இருந்தது. இணையத்தின் டிசிபி/ஐபி நெறிமுறைகளுக்கு 1980களிலேயே பெர்க்லி பல்கலைக்கழகத்தின் மூலநிரல் கிடைத்தது. மாணவர்கள் அதைப் பிரித்துப் பார்த்தே பிணையம் கற்றார்கள். செல்பேசி வலையமைப்புக்கு அப்படி ஒரு நிரல் கிடைக்க 2008 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. கோடிக்கணக்கானோரின் பேச்சைச் சுமக்கும் அமைப்பை வெளியார் எவராலும் சோதிக்க முடியாத நிலை அதுவரை நீடித்தது.

அந்த இடைவெளியை நிரப்ப முனைந்தவற்றுள் ஆஸ்மோகாம் நீண்டகாலம் நிலைத்திருக்கிறது. அதன் தொடக்கம் ஹரால்ட் வெல்ட்டேயிடம் இருக்கிறது. லினக்ஸ் கருவின் நெட்ஃபில்டர் பகுதியை வளர்த்தவர்களில் ஒருவரான அவர், பின்னர் ஓபன்மோகோ திட்டத்தில் பணியாற்றினார். 2007இல் வந்த அதன் நியோ 1973 செல்பேசியின் மென்பொருளை அடியிலிருந்து நுனிவரை திறந்துவைப்பதே நோக்கம். டெக்சாஸ் இன்ஸ்ட்ருமென்ட்ஸின் கேலிப்சோ சில்லு கொண்ட ஜிஎஸ்எம் மோடம் மட்டும் மூடிய பெட்டியாகவே நின்றது. அடுத்து எழுத வேண்டியது எது என்பதை அந்தப் பெட்டியே காட்டிவிட்டது என்று கருதுகிறேன்.

வெல்ட்டேயும் டீட்டர் ஸ்பாரும் வலையமைப்பின் பக்கத்திலிருந்து தொடங்கினார்கள். கையில் கிடைத்தது சீமன்ஸ் பிஎஸ்-11 என்ற பழைய சிறு அடிநிலையம். அது நொடிக்கு 2,048 கிலோபிட் வேகமுள்ள இ1 இணைப்பு வழியே, ஏ-பிஸ் என்ற இடைமுகத்தில் தன் கட்டுப்பாட்டகத்தோடு பேசும். அந்தக் கட்டுப்பாட்டகத்தின் வேலையைச் செய்ய, ஒரு லினக்ஸ் கணினியில் இ1 அட்டையைச் செருகி அவர்கள் எழுதியதே, பின்னர் ஆஸ்மோகாமாக வளர்ந்த ஓபன்பிஎஸ்சி. 2008 டிசம்பரில் பெர்லினில் நடந்த கேயாஸ் மாநாட்டில் அதை விளக்கினார்கள். 2009 ஆகஸ்டில் நெதர்லாந்தில் நடந்த ஹேக்கிங் அட் ராண்டம் முகாமில் பிஎஸ்-11 பெட்டிகளை மரத்தில் கட்டி, முகாமுக்கென்று ஒரு செல்பேசி வலையமைப்பையே நடத்தினார்கள்.

அதே 2008இல் அமெரிக்காவில் டேவிட் பர்ஜெஸ் குழுவினர் எழுதிய ஓபன்பிடிஎஸ் மென்பொருள், நெவாடா பாலைவனத்தின் பர்னிங் மேன் விழாவில் சோதிக்கப்பட்டது. அவர்கள் தேர்ந்த வழி வேறு. வான்வழி இடைமுகத்தை மட்டும் ஜிஎஸ்எம்மாக வைத்துக்கொண்டு, உள்ளே உடனே இணையத் தொலைபேசியின் எஸ்ஐபி அழைப்பாக மாற்றி ஆஸ்டரிஸ்க் மென்பொருளிடம் ஒப்படைத்தார்கள். புத்திசாலித்தனமான குறுக்குவழி, விரைவில் பலன் தந்தது. ஆனால் தரநிலை வரையறுத்த நடு இடைமுகங்கள் அதில் இல்லாததால், வேறு நிறுவனத்தின் அடிநிலையத்தையோ கட்டுப்பாட்டகத்தையோ நடுவில் பொருத்த இடமில்லை. ஏ-பிஸைப் பிடித்துக்கொண்ட ஓபன்பிஎஸ்சியில் ஐபி.ஆக்ஸஸின் நானோபிடிஎஸ் போன்ற பிற கருவிகளை ஒவ்வொன்றாகச் சேர்க்க முடிந்தது. ஓபன்பிடிஎஸ்ஸின் வானொலிப் பகுதியே பின்னாளில் கிளைத்து ஆஸ்மோடிஆர்எக்ஸ் ஆனது. ஆஸ்மோகாம் நீடித்ததற்கான முதன்மைக் காரணத்தை ஏ-பிஸைப் பிடித்துக்கொண்ட தேர்வில்தான் காண்கிறேன்.

2010இல் தொடங்கிய ஆஸ்மோகாம்பிபி செல்பேசியின் பக்கத்தைத் திறந்தது. மோட்டோரோலா சி118, சி123 போன்ற மலிவான கருவிகளில் அதே கேலிப்சோ சில்லு இருந்தது. காதுக்கருவி செருகும் துளையில் தொடர்வடத்தை மாட்டி, கணினியில் ஏற்றியை ஓடவிட்டு, செல்பேசியின் மின்பொத்தானை ஒரு கணம் அழுத்த வேண்டும். விழித்தெழும் அந்த நொடியில் செல்பேசி வடத்தில் நிரல் ஏதும் வருகிறதா என்று பார்க்கும். புதிய நிலைபொருள் நினைவகத்துக்குள் நுழைந்துவிடும். 4.615 மில்லிநொடிச் சட்டகத்தில் எட்டில் ஒரு பங்கு நேரத் துண்டைத் தவறாமல் பிடிக்க வேண்டிய முதல் அடுக்கு மட்டும் செல்பேசியில் இயங்கும். இரண்டாம், மூன்றாம் அடுக்குகள் கணினியில் இயங்கும். அங்கே ஒவ்வொரு செய்தியையும் நிறுத்திப் படிக்கலாம். 2010 டிசம்பரில் கார்ஸ்டன் நோல், சில்வென் முனோ இருவரும் இத்தகைய செல்பேசிகளைக் கொண்டே ஜிஎஸ்எம்மின் ஏ5/1 குறியாக்கம் எவ்வளவு பலவீனமானது என்பதை மேடையில் காட்டினார்கள். நிரல் திறந்திருக்க வேண்டும் என்பதற்கு அதைவிட வலுவான வாதம் எனக்குத் தெரியவில்லை.

எழுதுவதைவிடப் பராமரிப்பு கடினமாக இருந்தது. கட்டுப்பாட்டகம், இணைப்பகம், சந்தாதாரர் பதிவகம் எல்லாவற்றையும் ஒரே நிரலில் திணித்த ஆஸ்மோஎன்ஐடிபி சோதனைக்கூடத்துக்கு வசதியானது. பெரிய வலையமைப்புக்குப் போதவில்லை. 2017இல் அதைத் தரநிலையின் கோடுகளிலேயே ஆஸ்மோபிஎஸ்சி, ஆஸ்மோஎம்எஸ்சி, ஆஸ்மோஎச்எல்ஆர் எனப் பிரித்தார்கள். மூன்றாம் தலைமுறைக் கருவிகளும் அதே இணைப்பகத்தோடு சேர அந்தப் பிரிவு வழிவிட்டது. ஒரு பகுதியைத் திருத்தினால் இன்னொன்று உடையாமல் காக்க, தொலைத்தொடர்புத் துறையின் சோதனை மொழியான டிடிசிஎன்-3இல் சோதனைத் தொகுப்புகள் எழுதப்பட்டன. ஆர்வத்தில் தொடங்கிய பல திட்டங்கள் இந்தச் சலிப்பூட்டும் வேலைக்கு ஆளின்றியே நின்றுபோகின்றன.

ஆளைக் கொடுத்தது பெரும்பாலும் 2011இல் வெல்ட்டேயும் ஹோல்கர் ஃப்ரைதரும் பெர்லினில் தொடங்கிய சிஸ்மோகாம் நிறுவனம். கருவி விற்றும், வாடிக்கையாளர் கேட்ட வசதிகளை எழுதிக் கொடுத்தும் ஈட்டிய பணத்தில் பொது நிரல் வளர்ந்தது. வலையமைப்பு நிரல்கள் பலவும் அஃபெரோ ஜிபிஎல் உரிமத்தில் வருகின்றன. வலையமைப்பு நடத்துபவர் மென்பொருளை யாருக்கும் விற்பதில்லை, சேவையாகவே இயக்குகிறார். அப்போதும் தாம் செய்த மாற்றங்களைப் பயனருக்குத் திறந்துவைக்க அந்த உரிமம் கோருகிறது.

பயன் எட்டிய இடங்களில் மெக்சிகோவின் வஹாக்கா மாநிலம் குறிப்பிடத்தக்கது. பெரிய நிறுவனங்கள் சேவை தராத மலையூரான தலேயா தெ காஸ்த்ரோவில் 2013இல் சமூகமே நடத்தும் செல்பேசி வலையமைப்பு எழுந்தது. அதற்குத் துணைநின்ற ரைசோமாட்டிகாவின் மென்பொருள் ஓபன்பிஎஸ்சியை அடிப்படையாகக் கொண்டது. 2016இல் இத்தகைய ஊர்களின் கூட்டமைப்புக்கு அலைக்கற்றையைப் பயன்படுத்தும் உரிமையை மெக்சிகோ அரசு அமைப்பே வழங்கியது.

பல நாடுகளில் இரண்டாம் தலைமுறை அணைக்கப்பட்டுவருகிறது. ஐரோப்பிய ரயில்வேக்களோ இன்னும் ஜிஎஸ்எம்மின் ரயில்வே வடிவமான ஜிஎஸ்எம்-ஆர் மேல் ஓடுகின்றன. ரயில் ஓட்டுநர்களும் நிலையத்தாரும் ஒரே நேரத்தில் பேசும் குழு அழைப்பு, ஒலிபரப்பு அழைப்பு வசதிகள் 2023இல் ஆஸ்மோபிஎஸ்சியிலும் ஆஸ்மோஎம்எஸ்சியிலும் சேர்க்கப்பட்டன.