டைனமோ றேடியோவுக்கு ஆர் றிவியூ எழுதுறது?

புது போன் ஒன்று வெளியானால் ஒரே நாளில் யூரியூப் முழுக்க றிவியூதான். கமரா எத்தனை மெகாபிக்சல், சிப் எவ்வளவு வேகம், கேம் விளையாடினால் சூடாகுதா, சார்ஜ் எத்தனை நிமிசத்தில் நிரம்பும். நாங்களும் பார்க்கிறோம். வாங்க வசதியில்லாத போனுக்காகவும் மணிக்கணக்கில் சண்டை பிடிக்கிறோம். அதில் பிழை ஒன்றுமில்லை. ஆனால் ஏ9 வீதியில், புளியங்குளம் சந்தியில் நின்று அந்த வீடியோக்களைப் பார்த்தால், அவற்றில் ஆரும் கேட்காத ரெண்டு கேள்வி மனதில் வரும். சாமான் வாற பாதையைப் பூட்டிவிட்டால் இது என்ன செய்யும்? பழுதானால் இந்த ஊரில் இதை ஆர் திருத்துவார்?

இந்த ரெண்டு கேள்விக்கும் வன்னிச் சனம் பன்னிரண்டு வருசம் தங்கட கையால் பதில் எழுதினது. அதைப் பற்றித்தான் இந்தக் கட்டுரை.

போன் வந்த தீவு, பற்றரி வராத ஊர்

1989இல் செல்ரெல் நிறுவனம் இலங்கையில் கைத்தொலைபேசிச் சேவையைத் தொடங்கியது. தெற்காசியாவிலேயே அதுதான் முதல். இந்தியாவில் முதல் கைத்தொலைபேசி அழைப்பு 1995இல்தான் நடந்தது. அதே 1995இல் இலங்கையில் பணம் கட்டிப் பாவிக்கிற இணையச் சேவையும் வந்துவிட்டது. அந்தக் காலத்துக் கணக்கில் பார்த்தால் இந்தத் தீவு தொழில்நுட்பத்தில் பின்னுக்கு நிற்கவில்லை.

ஆனால் 1990 யூனில் போர் திரும்பவும் தொடங்கியது. யாழ்தேவி வவுனியாவுக்கு வடக்கே ஓடுவது நின்றது. மின்சாரமும் நின்றது. அரசாங்கம் பொருளாதாரத் தடையைக் கொண்டுவந்தது. தடைப்பட்ட சாமான்களில் பெற்றோலும் டீசலும் சீமெந்தும் இருந்தன. றேடியோவுக்கும் டோர்ச்சுக்கும் போடுகிற சின்னப் பற்றரியும் இருந்தது. மண்ணெண்ணெய் அளவோடுதான் வந்தது. குண்டு வெடிக்க வைக்கப் பற்றரி பயன்படும் என்பது அரசின் நியாயம். அதன் விளைவு, சாதாரண வீட்டில் இருந்த டோர்ச்சும் மணிக்கூடும் றேடியோவும் ஒரேயடியாக ஊமையானது.

கொழும்பில் ஒருவர் கையில் போனை வைத்துக் கதைத்துக்கொண்டு போக, அதே நாட்டில் புளியங்குளத்தில் ஒருவர் பழைய பற்றரியை வெயிலில் காயவைத்து, இன்னும் பத்து நிமிசம் பாடுமா என்று பார்த்துக்கொண்டிருந்தார். எங்கட தொழில்நுட்ப வரலாறு இந்த இடத்தில்தான் தொடங்குது.

அந்த றேடியோ எப்படி வேலை செய்தது?

டைனமோ றேடியோ பற்றி எங்கட வயதுக்காரர் எல்லாருமே வீட்டில் கேள்விப்பட்டிருப்போம். "சைக்கிளை மிதிச்சு றேடியோ கேட்டனாங்கள்" என்று பெரியாக்கள் சொல்லுவினம், நாங்கள் சிரித்துவிட்டுப் போய்விடுவோம். அதை ஒருக்கா றிவியூ செய்கிற கண்ணால் பாருங்கோ.

சைக்கிள் லைற்றுக்குப் பூட்டுகிற டைனமோ சாதாரணமாக 6 வோல்ற், 3 வாற் தரும். நாலு பெரிய பற்றரி போடுகிற றேடியோவுக்குத் தேவையானதும் 6 வோல்ற்தான். கணக்குச் சரியாக வரும், ஆனால் நேரே வயரைக் கொழுவ ஏலாது. டைனமோவில் இருந்து வருவது திசை மாறிமாறி ஓடுகிற ஆடலோட்ட மின்சாரம். றேடியோவுக்கு வேண்டியது ஒரே திசையில் ஓடுகிற நேரோட்டம். இதை மாற்ற நாலு டயோட் வேணும். மாற்றின பிறகும் மின்சாரம் அலை அலையாகத்தான் வரும், றேடியோ "ம்ம்ம்" என்று இரையும். அதை மட்டப்படுத்த ஒரு கப்பாசிற்றர் வேணும். கடையில் புதிது வாங்க ஏலாத காலத்தில் இந்தச் சாமான்களைப் பழுதான பழைய செற்றில் இருந்துதான் கழற்றி எடுக்கவேணும்.

இனி மிதிக்கிற ஆள். சைக்கிளை ஸ்ராண்டில் நிறுத்தியோ தலைகீழாகக் கவிட்டோ சில்லைச் சுற்றவேணும். மெதுவாகச் சுற்றினால் சத்தம் அமுங்கிவிடும். வேகம் கூடினால் வோல்ற் கூடும், செற் எரிந்தும் போகலாம். ஒரே வேகத்தில் காலை வைத்திருக்கிறது ஒரு பழக்கம். பிபிசி தமிழோசை இரவு 9.15க்குத் தொடங்கி அரை மணித்தியாலம் போகும். அந்த அரை மணித்தியாலமும் ஆராவது ஒருவர் மிதித்துக்கொண்டிருக்கவேணும். களைத்தால் மற்றவர் ஏறுவார். வெரித்தாஸ், புலிகளின் குரல், இலங்கை வானொலி எல்லாத்துக்கும் இதே கதைதான்.

ஒருவர் மிதிக்க நாலைந்து வீட்டுச் சனம் சுற்றியிருந்து கேட்டது. பக்கத்து ஊரில் விழுந்த குண்டைப் பற்றி லண்டனில் இருந்து வாற குரலில்தான் அறிஞ்சுகொண்டது. எது பொய், எது மெய் என்று ஒரு நிலையத்தையும் இன்னொரு நிலையத்தையும் ஒப்பிட்டுப் பார்த்தது. இன்றைக்கு "செய்தியைச் சரிபாருங்கள்" என்று எங்களுக்குப் பயிற்சிப்பட்டறை வைக்கினம். அவர்கள் அதைக் காலால் மிதித்துச் செய்திருக்கினம்.

வெளிச்சத்துக்கு ஜாம் போத்தல் விளக்கு. போத்தலுக்குள் கொஞ்சப் பஞ்சு, கொஞ்ச மண்ணெண்ணெய், சின்னத் திரி. பிள்ளைகள் அதுக்கு முன்னால் இருந்துதான் சோதனைக்குப் படித்தார்கள். மோட்டார் சைக்கிளும் மண்ணெண்ணெய்க்கு மாறியது. இயந்திரம் குளிராக இருக்கும்போது மண்ணெண்ணெய் லேசில் ஆவியாகாது, அதனால் தொடக்கத்துக்கு மட்டும் சில துளி பெற்றோல். சூடேறின பிறகு மண்ணெண்ணெயில் ஓடும். புகை தள்ளும், இயந்திரத்துக்குள் கரி பிடிக்கும், அடிக்கடி கழற்றித் துப்புரவாக்கவேணும். யாழ்ப்பாணத்தில் பழைய மொறிஸ் மைனரும் ஒஸ்ரினும் இதே முறையில்தான் ஓடின.

1997

ஒரு வருசத்தை மட்டும் எடுத்துப் பார்ப்போம்.

1997இல் நொக்கியா 6110 என்ற போன் அறிமுகமானது. அதில்தான் பாம்பு விளையாட்டு முதலில் வந்தது. உலகத்தில் கோடிக்கணக்கான ஆக்கள் போனில் கேம் விளையாடிப் பழகினது அந்தப் பாம்போடுதான்.

அதே 1997இல் திரெவர் பேலிஸ் என்ற ஆங்கிலேயருக்கு பிரித்தானியா ஓபிஈ பட்டம் கொடுத்தது. ஆபிரிக்காவில் எயிட்ஸ் பரவுவதைப் பற்றி 1991இல் ஒரு தொலைக்காட்சி நிகழ்ச்சியைப் பார்த்துவிட்டு, பற்றரியும் மின்சாரமும் இல்லாத சனத்துக்காக, கையால் முறுக்கிவிட்டுக் கேட்கிற றேடியோவைச் செய்தவர் அவர். அந்த றேடியோ தென்னாபிரிக்காவில் தொழிற்சாலை வைத்துத் தயாரிக்கப்பட்டது. உலகம் அதைக் கொண்டாடினது. கொண்டாடவேண்டிய வேலைதான்.

அதே 1997 மே 13 அன்று ஜெயசிக்குறு படைநடவடிக்கை தொடங்கியது. வவுனியாவில் இருந்து கிளிநொச்சி வரைக்கும் ஏ9 வீதியைப் பிடிப்பது அதன் நோக்கம். அந்தப் பாதையில் மாதக்கணக்கில் கடும் சண்டை நடந்த இடம் புளியங்குளம். சனம் இடம்பெயர்ந்து போனது. போகும்போது சைக்கிளில் சாமானைக் கட்டிக்கொண்டு போனது. பெட்டி படுக்கை சுமந்த அதே சைக்கிளில்தான் டைனமோவும் இருந்தது.

பேலிஸ் செய்ததற்கும் வன்னியில் பெயர் தெரியாத ஆக்கள் செய்ததற்கும் தேவை ஒன்றுதான், வழியும் கிட்டத்தட்ட ஒன்றுதான். ஒன்றுக்குப் பட்டம் கிடைத்தது. மற்றது எங்கட வீடுகளில் சிரிப்புக் கதையாக மிஞ்சிக் கிடக்குது.

பாதை திறந்தபோது

2002 ஜனவரி 15 அன்று பொருளாதாரத் தடை பெரும்பாலும் நீக்கப்பட்டது. பெப்ரவரி 22 அன்று போர்நிறுத்த உடன்படிக்கை கைச்சாத்தானது. ஏ9 திறந்தது. ஓமந்தையில் இராணுவத்தின் சோதனைச் சாவடி, புளியங்குளத்தில் புலிகளின் சோதனைச் சாவடி. தெற்கில் இருந்து வாற ஒவ்வொரு சாமானும் இந்த ரெண்டு வாசலையும் தாண்டித்தான் உள்ளே வரவேணும். ஓமந்தையில் தேடுதல், புளியங்குளத்தில் வரி. ரீவி, வீசிடி பிளேயர், மோட்டார் சைக்கிள் எல்லாத்துக்கும் விலை அங்கே ஒருக்கா ஏறினது. தொழில்நுட்பம் தானாகப் பறந்து வருவதில்லை. ஆரோ ஒருவர் வாசலைத் திறக்கவேணும், ஆரோ ஒருவர் அதில் காசு எடுப்பார். இது எங்கட ஊர்ச் சந்தியே சொல்லித்தந்த பாடம்.

2006 ஓகஸ்ட்டில் அந்த வாசல் திரும்பப் பூட்டுப்பட்டது.

2009 மேயில் போர் முடிந்தது. சனம் திரும்பி வந்த பல இடங்களில் கல்வீடும் கரண்டும் வர முதலே போன் சிக்னல் வந்துவிட்டது. கரண்ட் இல்லாத வீட்டு ஆக்கள் போனைக் கடையில் கொடுத்துத்தான் சார்ஜ் ஏற்றினார்கள். அந்தச் சனம் போனுக்குச் சொன்ன றிவியூ கமராவைப் பற்றினது இல்லை. டோர்ச் இருக்கா, சார்ஜ் எத்தனை நாள் நிற்கும், தூசி போனால் தாங்குமா, இவ்வளவுதான் கேட்டது. 2003இல் வந்த நொக்கியா 1100 இந்தக் கேள்விகளுக்கென்றே செய்த போன் மாதிரி இருந்தது. டோர்ச் இருந்தது, தூசி புகாத விசைப்பலகை இருந்தது. உலகம் முழுக்க 25 கோடிக்கு மேல் விற்றது. உலகத்தில் அரைவாசிப் பேர் வன்னிச் சனம் மாதிரித்தான் யோசித்திருக்கினம்.

2022இல் முழு நாடும்

2022 மார்ச் கடைசியில் நாட்டில் ஒரு நாளைக்கு 13 மணித்தியால மின்வெட்டு அறிவிக்கப்பட்டது. பெற்றோலுக்கு நாள்க்கணக்கில் வரிசை. யூலையில் கியூஆர் குறியீட்டோடு தேசிய எரிபொருள் அட்டை வந்தது. தொடக்கத்தில் மோட்டார் சைக்கிளுக்குக் கிழமைக்கு 4 லீற்றர். ஒரு இணையக் கருவியாகப் பார்த்தால் நல்ல வேலைதான். ஸ்மாட் போன் இல்லாதவரும் கடதாசியில் அச்சடித்துக் கொண்டுபோகலாம், அதனால் சனத்துக்குப் பயன்பட்டது.

அந்த மாதங்களில் தெற்கில் பலர் முதல் தடவையாகக் கேட்டார்கள், கரண்ட் இல்லாமல் எப்படி வாழுறது என்று. அந்தக் கேள்விக்குப் பதில் தெரிந்த ஒரு தலைமுறையே இந்த நாட்டில் இருந்தது. அவர்களிடம் ஆரும் போய்க் கேட்கவில்லை.

கியூபா செய்தது

சோவியத் ஒன்றியம் 1991இல் உடைந்தபோது கியூபாவுக்கு எண்ணெயும் உதிரிப்பாகங்களும் வருவது நின்றது. அமெரிக்கத் தடை ஏற்கனவே இருந்தது. கியூபர்கள் சோவியத் சலவை இயந்திரத்தின் மோட்டாரைக் கழற்றி மின்விசிறி செய்தார்கள், சைக்கிளுக்குச் சின்ன இயந்திரம் பூட்டினார்கள். 1992இல் இப்படியான வீட்டு வழிமுறைகளைத் திரட்டிக் கியூப இராணுவத்தின் பதிப்பகம் புத்தகமாகவே போட்டது. பிறகு எர்னெஸ்தோ ஒரோசா என்ற கலைஞர் அந்தப் பொருட்களைத் தேடிச் சேர்த்து, "தொழில்நுட்பக் கீழ்ப்படியாமை" என்று அதற்குப் பெயரும் வைத்தார். இன்றைக்கு உலகப் பல்கலைக்கழகங்களில் அதைப் படிக்கினம். 2024இல் ஐரோப்பிய ஒன்றியம் பொருட்களைத் திருத்திப் பாவிக்கிற உரிமைக்குச் சட்டமே கொண்டுவந்துவிட்டது.

இந்த இடத்தில் ஒரு அவதானம் வேணும். டைனமோ றேடியோவைப் பார்த்து "எங்கட சனத்தின் மூளையே மூளை" என்று பெருமைப்பட்டுவிட்டு நின்றால், தடையைப் போட்டவரும் வரி எடுத்தவரும் கதையில் இருந்து மெல்லக் கழன்று போய்விடுவினம். ஆரும் விருப்பப்பட்டு அரை மணித்தியாலம் சைக்கிள் மிதித்துச் செய்தி கேட்பதில்லை. ஜாம் போத்தல் வெளிச்சத்தில் கண்ணைக் கசக்கிக்கொண்டு படித்த பிள்ளைக்கு ஒரு மின்குமிழ் கிடைத்திருக்கவேண்டும். அந்தக் கெட்டித்தனத்தை எழுதும்போது, அது ஏன் தேவைப்பட்டது என்பதையும் அதே வரியில் எழுதவேணும்.

ஆனால் எழுதாமல் விட்டால் ரெண்டுமே போய்விடும். 1990இல் இருபது வயதாக இருந்த திருத்துநருக்கு இப்ப ஐம்பதைத் தாண்டிவிட்டது. எந்த டயோட்டை எந்த செற்றில் இருந்து கழற்றினது, எரியாமல் எப்படிப் பார்த்துக்கொண்டது என்பதெல்லாம் அவரின் கையிலும் ஞாபகத்திலும்தான் இருக்கு. எங்கட கையில் அவருக்கு அப்போது கிடைக்காத எல்லாமும் இருக்கு: கமரா, ஒலிப்பதிவு, இணையம். 2005இல் தொடங்கின நூலகம் எண்ணிம நூலகம் இலங்கைத் தமிழரின் நூல்களையும் பத்திரிகைகளையும் மட்டுமில்லாமல் வாய்மொழி வரலாறுகளையும் சேர்த்து வைத்திருக்கு.

அடுத்த விடுமுறைக்கு ஊருக்குப் போகிற ஆக்கள் ஒரு றேடியோ திருத்துநரையோ மோட்டார் சைக்கிள் கராச்காரரையோ பிடியுங்கோ. போனை மேசையில் வைத்துப் பதிவை அமத்திவிட்டு, டைனமோவில் இருந்து றேடியோ வரைக்கும் அந்த வயர் எப்படிப் போனது என்று கீறிக் காட்டச் சொல்லுங்கோ. கீறின கடதாசியையும் படம் எடுங்கோ.