நடுவில் இருந்த டிரைவர்

ஆக்சஸ், ஓடிபிசி ரெண்டுமே 1992-இல் வந்தவை. திரையும் ரிப்போர்ட்டும் மேசைக் கணினியில், தரவு வேறொரு சர்வரில், நடுவில் ஒரு டிரைவர். ஆங்கிலத்துக்கு இது போதும்.

தமிழுக்கு? 1999-இல் தமிழக அரசு ஏற்ற டாம், டாப் இரண்டும் 8-பிட் குறியீடுகள். சர்வருக்கு அவை வெறும் பைட்டுகள். போனபடியே திரும்பி வரும், எழுத்துருதான் தமிழாகக் காட்டும். (அகரவரிசை மட்டும் கேட்கக்கூடாது!)

யூனிகோடுக்கு மாறியபோதுதான் வந்தது வினை. ஆக்சஸ் 2000-க்கு யூனிகோடு தெரியும், மைஎஸ்க்யூஎல் 4.1-க்கும் தெரியும். நடுவில் இருந்த 3.51 டிரைவருக்குத் தெரியாது. அது எழுத்தை ஆன்சிக்கு மாற்றித்தான் அனுப்பும். அரபிக்கும் தாய்லாந்து மொழிக்கும் விண்டோஸில் ஆன்சி கோட்பேஜ் உண்டு, தமிழுக்குக் கிடையாது. அதனால் முருகன், செல்வி எல்லாருமே '????' ஆகிச் சேமிக்கப்பட்டார்கள். எழுத்துரு மாற்றினாலும் திரும்ப வராது, பைட்டே போய்விட்டது.

5.1 டிரைவரில்தான் யூனிகோடு வந்தது. சேலையூரில் யாராவது பழைய எம்டிபி ஃபைலை சர்வரோடு இணைக்கப்போறீங்களா? பட்டியலில் ஆன்சி, யூனிகோடு என்று ரெண்டு டிரைவர் இருக்கும், பார்த்து எடுங்க.